இரண்டு தலையும் நனைந்தால் திறக்காது

பார்வதி அத்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே போய்ச் சொன்னேன். "அதுல நம்ம வெள்ளாடு வருமாலே?" என்று கேட்டாள். வரும், கொஞ்சமாக வரும் என்றேன். "அப்ப என்னத்த எழுதிக் கிழிக்கப் போற" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உத்தரவு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரைக்கும் போனவன். அதற்கு மேல் போகாததற்கு நானும் வாத்தியாரும் சரிசமமாகக் காரணம். பிழை இருந்தால் பாதியை அவர் தலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை என் அப்பாவின் அக்காள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டு வயல்வழியே இறங்கினால் சிற்றாற்றங்கரையில் எங்கள் ஊர். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு. மேலத்தெருவில் பிறந்து கீழத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் அத்தை. ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போய்விடலாம். மாமா விஷக்காய்ச்சலில் போன பிறகு அவளும் ஒரு துண்டு வயலும் அந்த வெள்ளாடும்தான்.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கடைசிவரைக்கும் எடுக்க மாட்டாள். குழம்புச் சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் இருக்கும். எண்ணெய்க் கலயத்தில் அடிமட்டம் இருக்கும். தீப்பெட்டியின் கடைசிக் குச்சியை, அடுத்த பெட்டி வீட்டுக்குள் வருகிறவரைக்கும் உரசவே மாட்டாள். ஒருமுறை அந்தக் கடைசிக் குச்சியை எடுத்துவிட்டு மருந்தில்லாத வெறுங்குச்சியை நான் உள்ளே வைத்தேன். அவளுக்கு அது தெரியவே மாதக்கணக்கில் ஆனது. தெரிந்த அன்றைக்கு எனக்கும் தெரிந்தது.

ஊர்ப் பத்தாயத்தைச் சொல்லாமல் அத்தையைச் சொல்ல முடியாது. நெல் கொட்டி வைக்கிற மரப் பத்தாயம் வீட்டுக்கு வீடு உண்டு. இது ஊருக்குப் பொதுவானது, ஓர் அறை அளவுக்குப் பெரியது. அம்மன் கோவிலை ஒட்டி, ஓட்டுக்கூரைக்குக் கீழே, கருங்கல் கால்களின்மேல் நிற்கிறது. பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் விளைந்ததில் ஒரு பங்கை அதில் கொண்டு வந்து கொட்ட வேண்டும். சித்திரை மாதம் பழைய நெல்லை வெளியே எடுத்து அவரவருக்குக் கொடுத்துவிட்டுப் புது நெல்லைப் போடுவார்கள். இப்படி மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் யாரும் அதைத் தொடக்கூடாது. ஆனி ஆடியில் மலையிலிருந்து வருகிற சாரல் மழை பொய்த்த வருஷத்தில் மட்டும் தொடலாம்.

சாரல் பொய்த்ததா இல்லையா என்று யார் சொல்வது? உள்ளவன் பொய்க்கவில்லை என்பான், இல்லாதவன் பொய்த்துவிட்டது என்பான். அதனால் முன்னோர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பத்தாயத்துக்கு இரண்டு பூட்டு, தெருவுக்கு ஒரு சாவி. ஆனி மாதக் கடைசி நாளன்று இரண்டு சாவிக்காரர்களும் குற்றாலத்துக்கு நடந்து போய்ப் பேரருவிக்குக் கீழே தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். இரண்டு தலையும் நனைந்தால் பத்தாயம் திறக்காது. ஒரு தலைக்குத்தான் தண்ணீர் என்றால், அங்கேயே ஒருவர் மற்றவரைப் பார்த்து "எடுக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் "எடுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டுச் சொல்லி வந்தால்தான் சாவி பூட்டுக்குள் நுழையும்.

மேலத்தெருச் சாவி என் அப்பா மந்திரமூர்த்தியிடம் இருந்தது. கீழத்தெருச் சாவி மாமாவுக்குப் பிறகு அத்தையிடம் வந்தது. பொம்பளை கையில் சாவியா என்று சிலர் முனகினார்கள். "அருவிக்குக் கீழ நிக்கதுக்கு மீசை என்னத்துக்கு?" என்று அத்தை கேட்டதும் முனகல் நின்றது. ஆனால் வேறொரு பயம் வந்தது. அக்காளும் தம்பியும் இரண்டு சாவியையும் வைத்துக்கொண்டு கூடிப் பேசிவிட்டால் பத்தாயம் என்ன கதியாகும்?

அந்தப் பயம் ரொம்ப நாள் நிற்கவில்லை. எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் ஐப்பசியில் சிற்றாறு கரையை உடைத்துக்கொண்டு வந்து வயலெல்லாம் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. அறுக்க ஒரு கதிர் இல்லை. அப்பா கீழத்தெருவுக்குப் போனார்.

"அக்கா, சாவிய எடு. புள்ளைங்க பசியில கெடக்கு."

"சாரல் பொய்க்கலையே தம்பி. ஆனியில ரெண்டு பேரு தலையும் நனைஞ்சுதுலா?"

"நனைஞ்சு நனைஞ்சுதாம்க்கா முங்கிப் போயிட்டோம்."

"வழக்கத்த ஒருதடவ மீறுனா அடுத்த தடவ மீறுததே வழக்கமாயிரும். நாளைக்கே மழையே இல்லாமப் போனா எங்க போயி நிப்ப?"

அப்பா திரும்பிப் பார்க்காமல் வந்தார். வண்டிமாடு இரண்டையும் செங்கோட்டைக்கு ஓட்டிப் போய், ஒரு மலையாளத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை வண்டி நிறைய மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கிழங்கைத் தின்றுதான் இரண்டு தெருவும் தை பிறப்பதைப் பார்த்தது. அத்தை வீட்டுக்கும் ஓர் ஓலைப்பெட்டி கிழங்கு என் தலையில் போனது. பெட்டியை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அத்தை அது நிறைய முருங்கைக்கீரையை உருவிப்போட்டு அனுப்பினாள். அப்பா கீரையைத் தின்றார். தின்று முடித்துக் கை கழுவிவிட்டு, "இனிமே அவகிட்ட நான் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்றார்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஊருக்கு ஒரே சந்தோஷம். பேசாத இரண்டு பேர் கையில் சாவி இருந்தால் அதைவிட நல்ல பூட்டு எங்கே கிடைக்கும்? பத்தாயம் பத்திரம் என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் செய்த பெரிய தப்பு இதுதான். ஆனால் பெயரை மாற்றிக் கூப்பிட வேண்டிய அவசியம் பல வருஷமாக வரவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் அருவி இரண்டு தலையையும் நன்றாகவே நனைத்தது.

சித்திரையில் நெல் மாற்றுகிறபோது இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும். மாற்றுவதற்குக் கேள்வி வேண்டாம், சாவி மட்டும் போதும். ஆனாலும் இரண்டு மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சொல்வதற்கு ஏதாவது இருக்கத்தானே செய்யும்? அத்தை வெள்ளாட்டைப் பார்த்துப் பேசுவாள். அப்பா என்னைப் பார்த்துப் பேசுவார்.

"ஏ ஆடே, பூட்டு துரு ஏறிக் கெடக்கு. எண்ணெய் விடச் சொல்லு."

"ஏலே சிவனு, எண்ணெய் போன வாரமே விட்டாச்சுன்னு சொல்லு."

கொஞ்ச நாளில் ஆட்டை விட நான் மலிவாகிப்போனேன். இந்த வீட்டுச் சேதியை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுச் சேதியை இந்த வீட்டுக்கும் சுமப்பது என் வேலை. வழியில் சேதியைக் கொஞ்சம் மாற்றுவது என் சம்பளம். அத்தை "உங்கப்பன இருமலுக்குத் தூதுவளை திங்கச் சொல்லு" என்பாள். நான் போய், "அத்தைக்கு உங்க இருமல் கீழத்தெரு வரைக்கும் கேக்காம், தூங்க முடியலையாம்" என்பேன். அப்பா அன்றைக்கே தூதுவளை பறித்துவிடுவார். சேதியை உள்ளபடி சொல்லியிருந்தால் பறித்திருப்பாரா?

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த மறுவருஷம் வந்தது. பர்மா அரிசி வரத்து நின்று போயிருந்தது. தென்காசிச் சந்தையில் அரிசிக்காரர்கள் காலிச் சாக்கின்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயம் பார்த்துச் சாரலும் வரவில்லை. வைகாசிக் கடைசியில் மலைமேல் ஏற வேண்டிய மேகம் செங்கோட்டைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆனி பிறந்தது, வெயில் அடித்தது. கார் பருவ நெல்லுக்கு விட்ட நாற்று மஞ்சளாகி நுனி சுருண்டது. ஊரில் அடுப்புப் புகை ஒரு வேளையாகக் குறைந்தது.

அம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. கூட்டியவர் கீழத்தெரு பால்வண்ணநாதன். திருநெல்வேலியில் காலேஜ் வரைக்கும் போய்விட்டு வந்து வெள்ளைச் சட்டையோடு நாற்று நடுகிறவர். நல்ல மனுஷன். என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை, அடிக்க நியாயம் இருந்தும்.

"நான் சண்டைக்குச் சொல்லல, நியாயத்தச் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார். "பெட்டி நிறைய நெல்லு இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே புள்ளைங்க வயிறு ஒட்டிக் கெடக்கு. இதப் பாத்துக்கிட்டு இருக்கதுக்குப் பேரு சேமிப்பா? சர்க்கார் ஆளு ஊரு ஊரா நெல்லு அளக்கான். வீட்டு நெல்லுன்னா கேக்க ஆளு உண்டு. பொது நெல்லுக்கு யாரு உண்டு? முதல்ல அதத்தான் அள்ளிக்கிட்டுப் போவான். பிரிச்சிருவோம். இனிமே அவனவன் வீட்டுல அவனவன் சேத்து வைக்கட்டும். ஊருக்குன்னு ஒரு பத்தாயமே வேண்டாம்."

அத்தை எழுந்தாள். "வீட்டுல வச்சா அது சேமிப்பு இல்ல நாதா, சோறு. மச்சினன் வந்தா ஒரு படி, சம்பந்தக்காரன் வந்தா ஒரு படின்னு அடுத்த நடவுக்குள்ள தூத்துத் தொடைச்சிருவோம். எல்லாருமா சேந்து பூட்டி வச்சாத்தான் நெல்லு நெல்லா இருக்கும்."

"பூட்டுனது சரி அத்தை. தொறக்க யாரு?" பால்வண்ணநாதன் குரலை உயர்த்தவில்லை. "வாய்விட்டுக் கேக்கணும்ங்கது வழக்கம். நீங்களும் அண்ணாச்சியும் கேக்க மாட்டீய. தொறக்க முடியாத பெட்டி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

அத்தை உட்கார்ந்துவிட்டாள். அவள் பேச்சில் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா, கோவில் வேலியை மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டைப் பார்த்தார். "ஏ ஆடே, ஆபத்துக்குக் கேட்டப்பத் தொறக்காத பெட்டி. அது ஒடைஞ்சா எனக்கென்ன?"

கடைசியில் முடிவானது இது. ஆனிக் கடைசி நாளன்று சாவிக்காரர்கள் வழக்கப்படி அருவிக்குப் போகட்டும். ஒரு தலைக்குத்தான் தண்ணீர் என்றால், கேட்டுச் சொல்லி வந்தால், பத்தாயம் முறைப்படி திறக்கும், என்றைக்கும் இருக்கும். கேட்காமல் வந்தால் அன்றைக்கே பலகையை உடைத்து நெல்லைப் பிரித்துவிடுவது. அதன் பிறகு பத்தாயமும் கிடையாது, சாவியும் கிடையாது.

தச்சர் உச்சிமாகாளி தலையைச் சொறிந்தார். "எங்க தாத்தா அடிச்ச பலகை. ஒடைக்க மனசு வராது. உளி வேணும்னா வரும்."

வீட்டுக்குப் போகிற வழியில் அத்தை எனக்கு முன்னால் நடந்தாள். திடீரென்று நின்று, "பத்தாயம் போனா சாவி என்னத்துக்கு? சாவி போனா அருவிக்கு என்னத்துக்குப் போக?" என்றாள். ஆட்டிடம் சொல்கிறாளா, என்னிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. ஆடு பின்னால் வந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் ஒரு துண்டு ஞாபகத்துக்கு வந்தது. சேதி சுமக்க என்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் அருவிக்குப் போகிற அன்றைக்கு அத்தை துவைத்து மடித்த துண்டு ஒன்று எடுத்து வருவாள். நனைந்து கரையேறியதும் தன் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, துண்டைப் பாறையில் மறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். யாரோ மறந்து வைத்த துண்டை அப்பா எடுத்துத் தலை துவட்டிவிட்டு மறுபடி பாறையிலேயே மறந்து வைப்பார். அத்தை வந்து எடுத்துக்கொள்வாள். வருஷா வருஷம் இப்படி இரண்டு பேரும் தவறாமல் மறப்பார்கள். ஒருமுறை நான் கேட்டதற்கு, "அவன் சின்னதுல இருந்தே தலைய ஒழுங்காத் துவட்ட மாட்டாம்லே, சளி பிடிக்கும்" என்றாள்.

பத்தாயம் போனால் அவளுக்குப் போவது நெல் மட்டும் இல்லை.

ஆனிக் கடைசி நாள் காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். முன்னால் அப்பா, கடைசியில் அத்தை, நடுவில் சுவர் மாதிரி நான். சீசனில் வண்டி வண்டியாக ஆள் போகிற சாலை அது. அன்றைக்கு வெறிச்சோடிக் கிடந்தது. குற்றாலத்தில் கடைகளுக்குத் தட்டி போட்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் தேய்க்க முதுகு இல்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். குரங்குகளுக்குக்கூட விலா எலும்பு தெரிந்தது.

பேரருவிக்கு முன்னால் வந்து நின்றோம். வழக்கமாக வெள்ளைச் சேலையை உதறிப் போட்டதுபோல் விழுகிற இடத்தில் பாறைதான் தெரிந்தது. பாறையில் செதுக்கிய லிங்கங்களெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மேலேயிருந்து ஒரு கயிறு கனத்துக்குத் தண்ணீர் இறங்கி வந்தது.

மற்ற வருஷங்களில் அருவிச் சத்தத்தில் இவர்கள் பேசாமல் இருப்பது யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் அது நன்றாகக் கேட்டது.

அத்தை தன் சுருக்குப்பையையும் துண்டையும் பாறைமேல் வைத்தாள். வெற்றிலையும் பத்தாயத்துச் சாவியும் அந்தப் பைக்குள்தான். இரண்டு பேரும் போய்த் தோளோடு தோள் நின்றார்கள். தண்ணீர் அத்தையின் உச்சியில் விழுந்தது. அப்பாவின் தலையில் ஒரு துளி இல்லை. அத்தை தள்ளி நின்று அவரைக் கொஞ்சம் நகர விட்டாள். இப்போது அப்பா நனைந்தார், அத்தைக்கு இல்லை. சந்தேகமே இல்லை, ஒரு தலைக்குத்தான் தண்ணீர். இனி கேட்க வேண்டியதுதான் பாக்கி.

கேட்கவில்லை. அத்தை என் பக்கம் திரும்பினாள். அப்பாவும் என் பக்கம் திரும்பினார். இரண்டு பேர் வாயும் எனக்காகத் திறக்கப்போவதைப் பார்த்தேன். நடுவில் நான் நிற்கிறவரைக்கும் இவர்கள் ஒருவரையொருவர் கேட்கப்போவதில்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பெரிய பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒட்டுக் கேட்கவும் எட்டிப் பார்க்கவும் தோதான இடம்.

அத்தையின் குரல் கேட்டது.

"ஏலே சிவனு! எங்கலே போய்த் தொலைஞ்ச?"

"ஏ பாறையே, அவன் வரமாட்டான். எவன் வளத்த புள்ளையோ" என்றார் அப்பா.

"ஏ பாறையே, வளத்தவன் நீதானேன்னு கேளு."

பாறை பதில் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கிழக்குரங்கு மரத்திலிருந்து இறங்கி வந்து, யாரையும் சட்டை பண்ணாமல், அத்தையின் சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. வெற்றிலை வாசம் பிடித்திருக்கும்.

"ஏ தம்பி! சாவிலே! சாவி!"

"அசையாதக்கா! கிட்டப் போனா மேல ஏறிரும்."

ஊரே கூடி வாங்க முடியாத வார்த்தையைக் குரங்கு வாங்கிவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா மெதுவாகக் கையை மடிக்குள் விட்டார். ஒரு பிடி பொரிகடலை எடுத்துப் பாறையில் இறைத்தார். குரங்கு பையைப் பார்த்தது, கடலையைப் பார்த்தது. பையைப் போட்டுவிட்டுக் கடலைக்குப் போனது. அத்தை பாய்ந்து பையை எடுத்து, உள்ளே சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கி முடிந்ததும் அப்பாவின் மடியைப் பார்த்தாள்.

"எதுக்குலே மடியில பொரிகடலை?"

"வழியில ஆபத்து அவசரத்துக்குக் கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். தலையில் வழிகிற தண்ணீரோடு சிரித்தாள். "பத்தாயம் ஒடைஞ்சா எனக்கென்னன்னு ஊரக் கூட்டி வச்சுச் சொன்னவன், மடியிலயே ஒரு பத்தாயம் கட்டிக்கிட்டு வந்திருக்கான்."

"கட்டிக்கிட்டு வந்தேன்தான். கொரங்கு பிடுங்குனதும் எடுத்துப் போட்டேனா இல்லையா? இது மழைக் கொரங்கா வெயில் கொரங்கான்னு விசாரிச்சுக்கிட்டு நின்னேனா?"

அத்தையின் சிரிப்பு நின்றது. கெட்டுவிட்டது காரியம் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் தொறந்திருக்கணும் தம்பி" என்றாள். "வண்டிமாடு வெள்ளையையும் செவலையையும் நீ ஓட்டிக்கிட்டுப் போறத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். செவலை எங்க வீட்டு வாசல்ல வழக்கம்போல நின்னுச்சு. கழனித்தண்ணி கேட்டு."

"இப்ப எதுக்கு அது." அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அருவி நனைத்தது தலையைத்தான், முகத்தை இல்லை. "நீ தொறந்திருந்தா நான் மொத்தத்தையும் அள்ளியிருப்பேம்க்கா. அடியில ஒரு படி விட்டிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் வித்துக்குக்கூட நெல்லு இருந்திருக்காது. என் கொணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்லே. அதான் பயந்தேன்."

"பொய்யா பயந்த? சரியாத்தான் பயந்த."

அதற்குப் பிறகு அத்தை எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோவிலில் நிற்பதுபோல் நேராக நின்று கேட்டாள்.

"தம்பி, எடுக்கலாமா?"

"எடுக்கலாம்க்கா."

பாறைக்குப் பின்னால் இருப்பது எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து வந்தேன். "ஒண்ணுக்குப் போயிட்டு வர இவ்வளவு நேரமாலே?" என்று அத்தை இடது கன்னத்தில் ஒன்று வைத்தாள். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?" என்று அப்பா வலது கன்னத்தில் ஒன்று வைத்தார். பேச்சு வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். இவ்வளவு சுகமாக நான் அடி வாங்கியதில்லை.

திரும்பி வருகிற வழி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். வீட்டு ஓடு ஒழுகுவது, அப்பாவின் இருமல், செத்தவர்கள், பிறந்தவர்கள், அந்த முருங்கைக்கீரை முற்றிப்போயிருந்தது என்பது வரைக்கும். நான் பின்னால் தனியாக வந்தேன். என்னோடு பேச ஆளில்லை.

பத்தாயத்து வாசலில் உச்சிமாகாளி உளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஊர் நின்றது. தூரத்திலேயே இவர்கள் வாயடிக்கிற சத்தம் கேட்டிருக்கும். உச்சிமாகாளி உளியைத் தூக்கிப் பைக்குள் போட்டார். "அப்பாடா. எங்க தாத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு இருந்தேன்."

இரண்டு சாவியும் நுழைந்தன. கதவைத் திறந்ததும் காய்ந்த நெல்லின் வாசனை முகத்தில் அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிட்டே வந்துவிட்டார்கள். பால்வண்ணநாதனே மரக்காலைப் பிடித்து அளந்தார். வீட்டில் இருக்கிற ஆளுக்குத் தக்கபடி பங்கு, நாற்று மறுபடி விட வித்துக்கு ஒரு பங்கு. "அடியில ஒரு பங்கு இருக்கட்டும்" என்று அத்தை சொன்னபோது, நான் அப்பாவைப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றார் அப்பா.

அளந்து முடித்ததும் பால்வண்ணநாதன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார். "நான் சொன்னதுல தப்பில்ல அத்தை."

"தப்புன்னு யாரு சொன்னா? நீ சொல்லலேன்னா நான் இன்னைக்கும் பாறைகிட்டப் பேசிட்டுல வந்திருப்பேன்."

அங்கேயே வழக்கத்தில் இரண்டு விஷயம் சேர்த்தார்கள். மழையில்லாமல் போனாலும் திறக்கலாம், வெள்ளம் கொண்டுபோனாலும் திறக்கலாம். எப்போது திறந்தாலும் அடிப்பங்கைத் தொடக்கூடாது. மூன்றாவதாக உச்சிமாகாளி ஒன்று சொன்னார்: "பேச்சு நின்னுபோனா அந்த ரெண்டு பேருக்கிட்டயிருந்தும் சாவியப் பிடுங்கிரணும்." அதற்குத்தான் எல்லாரும் சத்தமாகத் தலையாட்டினார்கள். சர்க்கார் ஆள் வந்து அளந்தபோது அடிப்பங்குதான் மிச்சம் இருந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம் நான் வயல் வரப்பில் படுத்திருந்தேன். மூக்கில் ஊசி குத்தியது மாதிரி ஒரு துளி. மேற்கே பார்த்தால் மலையைக் காணோம். எழுந்து தெரு முழுக்க, "சாரல்! சாரல்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் சரித்திரம் தெரிந்தவர்கள் ஆகையால் ஒருத்தரும் வெளியே வரவில்லை. அத்தை மட்டும் வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவன் தலை நனைஞ்சிருக்கு. இவனாக் குளிக்க மாட்டான். மழைதான், எல்லாரும் வாங்க" என்றாள்.

மறுவருஷம் ஆனிக் கடைசி நாளில் மூன்று பேரும் குற்றாலம் போனோம். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. சேதி சுமக்கிற வேலைதான் போய்விட்டதே. அருவி எதிரே ஆள் நிற்க விடாமல் இரைந்துகொண்டு விழுந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் உள்ளே போய் நின்றார்கள். அத்தை ஏதோ கத்தினாள். அப்பா, "என்னது?" என்று கத்தினார். அத்தை மறுபடி கத்தினாள். அருவிச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஆனாலும் விடாமல் இரண்டு பேரும் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

வெளியே வந்ததும் அத்தை துண்டைத் தேடினாள். அது என் தோளில் கிடந்தது. பிடுங்கி எடுத்தாள். அந்த வருஷம் அவள் அதைப் பாறையில் மறந்து வைக்கவில்லை. "குனிலே" என்று தம்பியின் தலையைப் பிடித்து அழுத்தி, அவரே நோகுது என்று சொல்கிறவரைக்கும் துவட்டிவிட்டாள்.